பல்லைப் பார்த்து வயது சொன்னவன்

பன்றி வளர்ப்பு உத்தியோகத்தில் பன்றியைச் சமாளிப்பது சுகம், "என்ன உத்தியோகம்?" என்று கேட்கிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. வெளியே சொல்ல வாய் கூசும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன கையோடு எனக்கு அங்கே நியமனம் வந்தது. அவர்களுடைய குசினி மிச்சத்தைத் தின்று கொழுத்திருந்த பன்றிகளெல்லாம் விலா எலும்பு தெரிய நின்றன. அவற்றை நல்ல இனத்தோடு சேர்த்துப் பெருக்குவது என் வேலை. நானோ மச்சம் மாமிசம் தொடாத வீட்டுப் பிள்ளை. வயது முப்பத்திரண்டு, கலியாணம் ஆகவில்லை. ஆகுமா என்பதே அப்போது என் ஒரே கவலை.

ஒரு யோசனை

கலியாணத் தரகர் கந்தப்பர் என் சாதகக் குறிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "அரசாங்க உத்தியோகம், மிருகங்களோட" என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுவார். நிலாவெளியில் ஒரு பெண்ணின் தகப்பனார் அதோடு விடவில்லை. என்ன மிருகம் என்று என்னிடமே கேட்டார். பொய் வாயில் வராததால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். ஆனாலும் நல்ல மனுஷர். வாசல் படலை வரை வந்து வழியனுப்பினார். அங்கே என் தோளைத் தொட்டு மெல்லக் கேட்டார்:

"தம்பி, ஆட்டுக்கு மாறேலாதோ?"

நாலு வெள்ளைக் கால்

பேர்க்ஷயர் என்று ஓர் இங்கிலாந்து இனம் இருக்கிறது. உடம்பு கறுப்பு, நாலு காலும் மூக்கும் வால் நுனியும் வெள்ளை. எங்கள் ஊர்ப் பன்றிக்கு உச்சி முதல் குளம்பு வரை ஒரே கறுப்பு. பேர்க்ஷயர் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் இலாகா தவிடு கொடுக்கப்போகிறது என்று ஊரில் ஒரு கதை கிளம்பியது. மறுநாளே சவரிமுத்து அண்ணர் எனக்கு ஆள் அனுப்பினார். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிப்பது அவர் வேலை. வீட்டு வளவில் நாலைந்து பன்றியும் வளர்த்தார்.

போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு பேர்க்ஷயர் நிற்கிறது. கால் வெள்ளை, மூக்கு வெள்ளை. குனிந்து காலைத் தடவினேன். மயிரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. கடல் உப்புக்கே அசையாத பெயின்ற், என் நகத்துக்கா போகும்? வால் மட்டும் கறுப்பாகவே ஆடிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரி அண்ணை, வாலை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அது ஒரு இடத்தில நிண்டாத்தானே ஐயா அடிக்கலாம்!"

ஆயுள்

தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உமது பிரிவில் பன்றியின் இயற்கை ஆயுள் எவ்வளவு என்று அதில் ஒரு கேள்வி. பதினைந்து வருடம் வாழும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் படிவம் கேட்டது என் பிரிவை. ஊரெல்லாம் சைக்கிள் மிதித்து விசாரித்துக் களைத்து, கடைசியில் சவரிமுத்து அண்ணரிடமே போனேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"வயது போய்ச் செத்த பண்டியை நான் இன்னும் காணேல்லை ஐயா. அதுக்கு முன்னம் நத்தார்ப் பெருநாள் வந்திடும்."

எட்டு மாதக் குமரி

அந்த வருடம் ஒரு கண்காட்சி வைத்தோம். எட்டு மாதத்துக்கு உட்பட்ட பெண் பன்றிகளுக்குத் தனிப் பரிசு. சவரிமுத்து அண்ணர் ஒன்றைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தார். வயிறு நிலத்தைத் தொட்டது. "குமரி ஐயா, எட்டு மாதம் இன்னும் முடியேல்லை" என்றார்.

பன்றியின் வயது பல்லில் எழுதியிருக்கும். ஒன்றரை வயதோடு பல்லெல்லாம் விழுந்து முளைத்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேய்வதுதான். மேல் தாடையில் கயிற்றைப் போட்டு வாயைத் திறந்தேன். பல்லெல்லாம் மழுங்கிக் கிடந்தது. சனம் கூடி நின்ற உற்சாகத்தில் எனக்கும் கொஞ்சம் கொழுப்பு ஏறிவிட்டது. "குமரியோ? இவ பேத்தி கண்டவ!" என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கு அடுத்த நிமிடமே விளங்கியது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சவரிமுத்து அண்ணர் சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த ஐயா வாயைப் பாத்தே வயதைச் சொல்லிப்போடுவார். வீட்டில குமருகள் இருந்தால் கவனம்!"

மூடிய வாய்

அந்த வார்த்தை என் சைக்கிளை முந்திக்கொண்டு ஊரெல்லாம் போனது. பெண் இருக்கும் வீடுகள் என்னைக் கண்டாலே படலையைச் சாத்துவதாகக் கந்தப்பர் வந்து அழாக்குறையாகச் சொன்னார். எனக்கும் மனம் விட்டுப்போயிற்று. ஒரு வழியாக நகரத்திலேயே ஒரு வீடு சம்மதித்தது. பெண் பள்ளிக்கூட ஆசிரியை. வயது இருபத்திநாலு என்றார் கந்தப்பர். என் வயதை அவர் அங்கே இருபத்தெட்டு என்று சொல்லிவைத்திருந்தார்.

பெண் பலகாரத் தட்டோடு வந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினாள். பதிலெல்லாம் தாய் சொன்னார். பன்றிக்காரனோடு பேசவும் பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கு நெஞ்சு வலித்தது. பெரியவர்கள் நாள் பார்க்கப் பஞ்சாங்கம் எடுக்க உள்ளே போன நேரம், "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, நான் எழும்பிப் போயிடுறன்" என்றேன். அவள் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னால வாயைத் திறக்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. எனக்கு முப்பது. இனி உங்கட பல்லைக் காட்டுங்கோ பாப்பம்!"

கயிறு போட்டு எத்தனையோ வாயைத் திறந்தவன் நான், கயிறே இல்லாமல் என் வாயைத் திறக்கவைத்தவளோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், இன்னும் ஆட்டுக்கு மாறவில்லை.