மாதுளை நின்ற பக்கம்

எங்கள் காணிக்கு அடுத்த காணியில் இருபது வருடங்களுக்கு மேலாக யாரும் குடியிருக்கவில்லை. அது காடாகிப் போனது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. உடையும் விடத்தலும் இலந்தையுமாக முள்மரங்கள் தங்கள் பாட்டில் வளர்ந்து நிற்கின்றன. மாரி மழைக்கு ஒரு மூலைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. எந்த நாட்டிலிருந்தோ வரும் பறவைகள் அதில் இறங்கி மேய்கின்றன. இப்படி ஓர் இடத்தைப் பார்த்து இழவு வீட்டுக் குரலில் 'காடாகிப் போச்சு' என்று சொல்ல என்ன இருக்கிறது? நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

ஆனால் அது ஏன் காடானது என்பதை நினைத்தால் அந்த வாய் அடைத்துவிடும். காணிக்காரி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். எருக்கலம்பிட்டி ஆள். அந்தக் காணி அவருடைய வாப்பா கொடுத்த சீதனம். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் எங்கள் தீவை விட்டுப் போகவேண்டும் என்று துப்பாக்கியோடு வந்தவர்கள் சொன்னார்கள். ராத்தாவும் கணவரும் சின்ன மகளும் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். அங்கிருந்து புத்தளம். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அழுதோம், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களில் ராத்தா திரும்பி வந்தார். கணவர் புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் ராத்தாவின் பெயர் வந்திருந்தது. காணியைத் துப்புரவாக்கிக் காட்டினால் கட்டடம் தொடங்கலாம். அதற்கு மண் தள்ளும் டோசர் வரும் என்றார்கள். ராத்தா பழையபடி பக்கத்து வீட்டுக்கு வரப்போகிறார் என்று எனக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம். டோசர் என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டும் ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து வந்த செய்தி.

ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"ராத்தா, டோசர் வர முந்தி ஒருக்கா ஊர்ச் சனமெல்லாம் சேர்ந்து, உங்கட காணிக்குள்ள என்னென்ன சீவன் இருக்கெண்டு பார்த்து எழுதுவம். மரம், செடி, பறவை, ஆமை, எல்லாம்."

"எழுதி?"

"எழுதிப்போட்டு உங்களிட்ட ஒரு மூலையைக் கேப்பன். பள்ளம் இருக்கிற மூலை. அதை மட்டும் வெட்டாமல் விடுங்கோ எண்டு."

ராத்தா சிரித்தார். "ஒரு மூலை கேக்கவோ இவ்வளவு சனத்தைக் கூட்டுறாய்? நேர கேட்டால் தரமாட்டனோ?" பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். "வாங்கோ, பாருங்கோ. எனக்கும் ஒண்டு பார்த்துத் தா. மாதுளை நிக்குதோ எண்டு."

எந்த மாதுளை என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முந்திய வருடம் ராத்தாவுக்கு ஓர் ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ராத்தா மயக்கத்தில் கிடந்தார். கணவர் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் அடக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு மாதுளங்கன்றை நட்டார். நாற்பது நாள் முடிந்து வெளியே வந்த ராத்தா கண்டது அந்தக் கன்றைத்தான். அவர்கள் காணியில் கிணறு இல்லை. எங்கள் கிணற்றில் அள்ளித்தான் ஒவ்வொரு நாளும் கொண்டுபோய் ஊற்றுவார். போகச் சொன்ன அன்றும் வந்தார். வெளியே எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இரண்டு வாளி அள்ளி மாதுளைக்கு ஊற்றிவிட்டுத்தான் வள்ளத்துக்கு நடந்தார். அதன்பிறகு என் அம்மா கொஞ்ச நாள் ஊற்றினார். பிறகு சண்டைக்குப் பயந்து நாங்களும் மடுக் கோயிலுக்கு ஓடினோம்.

"தண்ணி இல்லாமல் மாதுளை இவ்வளவு காலம் நிண்டிருக்குமோ தெரியாது, ராத்தா," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மரம் இல்லாட்டி ஒரு கட்டையாவது கிடக்கும். அந்த இடத்தைக் கண்டால் காணும். வீட்டை அதுக்கு மேல கட்டிப்போடுவனோ எண்டுதான் பயம்."

வீடு இருந்த இடம் தெரிந்தால் பின்பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம்தானே என்று வெளியாள் கேட்கலாம். வீடே இல்லை. கூரையும் கதவும் முதலில் போயின, பிறகு சீமெந்துக் கல்லுகள், கடைசியில் அத்திவாரக் கல்லையும் கிண்டி எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைச் சோளகக் காற்று மண்ணால் மூடியது. வேலிகளும் போன வழி தெரியாது. மாதுளை பனைகள் நின்ற பக்கம் என்றார் ராத்தா. அந்த வருடம் வெளியூரில் படிப்பித்து லீவில் மட்டும் வந்து பார்த்த ஞாபகத்தில், பள்ளத்துப் பக்கம் என்றேன் நான். இருவரும் காணிக்குள் நின்று எதிரெதிர்த் திசையில் கையைக் காட்டினோம்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்களைக் கூட்டினேன். எங்கள் வேதக் கோயிலில் பூசை முடிய அறிவிக்கச் சொன்னேன். எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலிலும் சொன்னார்கள். ஓலைத்தொடுவாயிலிருந்து மீன்பிடிக்காரர் சிலர் வந்தார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து அப்போதுதான் ஊரைப் பார்க்க வந்திருந்த இளம் ஆட்களும் வந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் அவர்களும் முதலில் இரண்டு கூட்டமாக நின்று ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படிப்பிக்கிற குரலை எடுத்து எல்லோரையும் கலந்து நிற்கவைத்தேன்.

காணியை எப்படி விடுபடாமல் பார்ப்பது என்று நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். மீன்பிடிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு பழைய கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது வலையின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வரவேண்டும்; ஒரு பக்கம் முந்தினால் மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும். அதே மாதிரிக் கயிற்றைக் குறுக்கே நீட்டி, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நடப்பது. யாராவது எதையாவது கண்டால் குரல் கொடுக்க வேண்டும், கயிறு நிற்கும், பெயரை எழுதியபிறகுதான் நகரும். கயிறு இருபது தடவை முள்ளில் சிக்கியது. இருபது தடவையும் யாரோ ஏசிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். ஆனாலும் என் திட்டத்தைவிட அது நல்லதுதான்.

காலையில் சிரிப்பும் பகிடியுமாக இருந்தது. பற்றைக்குள் நின்ற கழுதைகளைக் காட்டு விலங்கில் சேர்ப்பதா வீட்டு விலங்கில் சேர்ப்பதா என்று சண்டை வந்தது. "சொந்தக்காரன் ஆரெண்டு கழுதையிட்டக் கேட்டு வாங்கோ," என்றேன். கவுதாரி ஒன்று காலடியிலிருந்து கிளம்பி எல்லோரையும் பதறவைத்தது. முதுகில் நட்சத்திரம் போட்ட ஆமையைப் புத்தளத்துப் பெண்பிள்ளை ஒருத்தி கையில் தூக்கி, அது மூத்திரம் பெய்ய, அப்படியே வைத்துவிட்டாள். அது எனக்கு நல்ல காலை. அந்த மாதிரி ஒரு நாளைத்தான் நான் இருபது வருடமாக ஆசைப்பட்டேன்.

ராத்தா கயிற்றின் நடுவில் நின்றார். பறவைகளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மாதுளை கண்டால் கூப்பிடுங்கள் என்று மட்டும்தான் நான் மற்றவர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஊரில் எது இரகசியமாக இருக்கும்? மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பகிடி நின்றது. அதன்பிறகு யாரும் பறவையைக் கண்டு குரல் கொடுக்கவில்லை. எல்லோரும் குனிந்து மாதுளையையே தேடினார்கள். பள்ளத்தில் கொக்குகளுக்கு நடுவே நான் அதுவரை கண்டிராத ஒரு பறவை நின்றது. அதை எழுதச் சொல்லி யாரையும் கூப்பிட எனக்கு மனமில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பனைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இந்தா, மாதுளை."

கயிற்றை எல்லோரும் விட்டுவிட்டார்கள். நானும் ஓடினேன். இடுப்புக்கு மேல் வளர்ந்த பற்றை. பூவும் இல்லை, காயும் இல்லை. சின்னச் சின்ன இலைகள் சோடி சோடியாக, நுனியில் முள்ளு மாதிரிக் கூரான கொப்புகள். மாதுளைக்கும் அதே சாயல்தான். ஒரு நிமிடம் நானும் நம்பினேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. யேசுவே, அதுவாகவே இருக்கட்டும் என்று மன்றாடினேன்.

ராத்தா முட்டுக்காலில் இருந்து பற்றையை அணைத்துக்கொண்டார். பிறகு ஒரு பிடி இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினார். முகர்ந்தார்.

"மருதோன்றி," என்றார்.

ஊரில் எத்தனையோ வீடுகளில் மருதோன்றி நிற்கும். அது தண்ணீர் இல்லாமலும் பிழைக்கும், விதை விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். அங்கேயே பத்தடி தள்ளி இன்னொன்று நின்றது, அதற்கப்பால் இன்னொன்று. எதை வைத்தும் ஓர் இடத்தைச் சொல்ல முடியாது. மிச்சக் காணியையும் இருட்டுமுன் இழுத்து முடித்தோம். மாதுளை இல்லை. கட்டையும் இல்லை. கசக்கிய இலையை எறிய மறந்து ராத்தா கையைப் பொத்திக்கொண்டே நடந்தார். விரித்தபோது உள்ளங்கை கலியாணப் பெண்ணின் கைபோலச் சிவந்திருந்தது.

சனமெல்லாம் போனபிறகு ராத்தாவைக் காணவில்லை. பார்த்தால், செருப்பைக் காணி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்ப உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். உடைமுள் விரல் நீளம் இருக்கும். பின்னால் போய்ப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் வாசற்படியில் இருத்தினேன். என் சேலையில் குத்தியிருந்த ஊசியால் முள்ளு முள்ளாக எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் துக்கம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வரும்.

"என்ன விசர் வேலை இது? பகல் முழுக்கச் செருப்போடதானே நடந்தனீங்கள்?"

"பகல் கண்டுபிடிப்பம் எண்டு நினைச்சன்," என்றார். "எங்க எண்டு தெரிஞ்சால் அந்த ஓரிடத்தில மட்டும் கவனமா நடப்பன். இப்ப எங்க கால் வைக்கிறதெண்டு தெரியேல்ல."

நான் அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ராத்தா அழவில்லை. சிவந்த கையால் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை டோசர் வந்தது. ராத்தா வாசலிலேயே நின்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மகளும் மருமகனும் புத்தளத்திலிருந்து வந்து கத்தினார்கள். கிடைத்த வீடு கையைவிட்டுப் போகும் என்றார்கள், அப்படியே போனதும்தான். நானும் என் பங்குக்கு மன்றாடினேன். முன் மூலையில் கட்டலாம், அது வேண்டாமென்றால் எங்கள் காணியில் ஒரு துண்டு தருகிறேன் என்றேன்.

"அவன் எங்க கிடக்கிறான் எண்டு தெரியாமல் நான் எங்க அத்திவாரம் வெட்ட?" என்றார். "உன்ர காணி வேண்டாம். அங்க வீடு கட்டி இருந்தால், விடிய எழும்பி இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேணும்."

புத்தளத்துக்குத் திரும்பிப் போகும்போது காணியை ஒருவருக்கும் விற்கமாட்டேன் என்றார். வெட்டவும் விடக்கூடாது என்று என்னிடம் பொறுப்புத் தந்தார். நான் கேட்டது ஒரு மூலை. முழுக் காணியும் கிடைத்தது. பக்கத்து வீட்டில் ராத்தா இருப்பார், அவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பற்றைக் காடு இருக்கும், இரண்டு பேரும் பின்னேரத்தில் தேத்தண்ணியோடு இருந்து பறவை பார்ப்போம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் காணிக்குள் இப்போது கவுதாரி முட்டையிடுகிறது, ஆமை பெருகியிருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போகவேண்டும் போலிருக்கும்.

ஒவ்வொரு தையிலும் அதே கயிற்றோடு போகிறோம். செருப்பை வாசலில் கழற்ற முள்ளு விடாது. ஆனால் பிள்ளைகளிடம் மெல்ல நடவுங்கள் என்று சொல்வேன். அன்றிரவு புத்தளத்துக்குப் போன் எடுப்பேன். ராத்தாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். உரத்துச் சொல்ல வேண்டும். கவுதாரி குஞ்சோடு நின்றது என்பேன். ஆமை ஒன்று கண்டோம் என்பேன். எதைச் சொன்னாலும் ராத்தா கேட்பது, "எந்தப் பக்கம்?"

ஒரு வருடம் பள்ளத்துப் பக்கம் என்பேன். ஒரு வருடம் பனைப் பக்கம் என்பேன். எந்தப் பக்கம் சொன்னாலும் ராத்தா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"அப்ப அவனுக்குக் கிட்டத்தான்."