பூதத்தைத் திட்டும் மந்திரம்

மகள் கல்யாணமாகி விழுப்புரம் போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் திண்டிவனத்தில் இருப்பதில்லை. வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அங்கே மகளும் மாப்பிள்ளையும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. மாப்பிள்ளை கதை சொல்லுவார். காடு, குகை, பூதம் எல்லாம் அவர் வாயிலேயே வரும். நாம் அந்தக் கதைக்குள் ஓர் ஆளாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும்.

கதைக்குள் மகள் வில்லுக்காரி. காலேஜில் படிக்கும்போதே இந்த விளையாட்டுக்கென்று அவள் உண்டாக்கி, கல்யாணச் சீரோடு கூடவே கூட்டிப்போன ஆள். நான் புதிதாகச் சேர்ந்த மந்திரக்காரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் பெரிய மந்திரங்கள் பக்கம் போகவில்லை. கற்றுக்குட்டிக்கு உண்டானவற்றில் மூன்றை மகள் சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொண்டேன். விரல் நுனியில் சுடர் ஏற்றுவது ஒன்று. எட்ட இருக்கும் சின்னப் பொருளைக் கிட்டே இழுப்பது ஒன்று. மூன்றாவது, வசவு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினால் எதிரிக்குக் கை கால் தளர்ந்துபோகும்.

"இது உனுக்குன்னே செஞ்சி வெச்ச மாதிரி இருக்குதும்மா," என்றாள் மகள். பொய்யில்லை. எங்கள் தெருக் குழாயடியில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

அன்றைக்குக் குகையில் பூதம் வந்தது. வில்லுக்காரியை ஒரே கையில் தூக்கி, வாய்க்கு நேரே பிடித்தது. அடுத்தது என் முறை. நான் தவறினால் அவள் போய்ச் சேர்ந்தாள். செத்த ஆள் திரும்பக் கதைக்குள் வர முடியாது. மகள் முகம் சுண்டிப்போயிற்று.

"இழுத்துப் பாக்கலாமான்னு கேளு," என்றேன் அவளிடம்.

"சின்னப் பொருளத்தான் இழுக்க முடியும் அத்தை. உங்க பொண்ணு சின்னப் பொருளா?" என்றார் மாப்பிள்ளை.

"திட்டும்மா! ஜல்தி!"

மாப்பிள்ளை குரலை மாற்றிக் கர்ஜித்தார். "யார்ரா அங்க? வா முன்னால!"

"தோ வர்றேங்க," என்று எழுந்து முந்தானையைச் சரிசெய்தேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பூதத்துக்கு இன்னாம்மா மரியாத?"

என் அம்மா என் வீட்டுக்காரரிடம் கடைசிவரை கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். நான் மாப்பிள்ளைக்கு எதிரே நாற்காலி வரை வந்திருக்கிறேன், அதுவும் நுனியில். அந்த முகத்தைப் பார்த்து எப்படி 'டா' போடுவது?

ஆனால் நேரே திட்ட முடியாத ஆளை ஜாடையாகத் திட்டலாம். அது எனக்குக் கைவந்த வித்தை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பிரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"சிலது ஒடம்பு வளந்துட்டா போதும்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க," என்றேன் பிரிட்ஜிடம். "பல்ல வெளக்கி எத்தினி வருசம் ஆவுதோ, பொம்பளப் புள்ளைய வாயில போட வந்துட்டுது. வெக்கங்கெட்டது. உன்ன பெத்தவ இருக்கறாளே…"

அங்கே நின்றுவிட்டேன். இந்தப் பூதத்தைப் பெற்றவள் என்றால் சம்பந்தியம்மா.

"பெத்தவங்க தங்கமானவங்க," என்றேன். "அவங்க வயித்துல இது எப்டிதான் பொறந்துதோ!"

முதுகுக்குப் பின்னால் பூதம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது.

"பிரிட்ஜத்தான் திட்னாங்க, செல்லாதுன்னு மட்டும் சொல்லாத," என்று மகள் சண்டைக்கு நின்றாள்.

"எனுக்குத்தான் ஒறைச்சிடுச்சே. செல்லும். உருட்டுங்க அத்தை."

கட்டை மல்லாட்டைத் தோலுக்குள் உருண்டு நின்றது. மகள் எட்டிப் பார்த்து, "பதினேழு!" என்று கத்தினாள். பூதத்தின் கை தளர்ந்தது. வில்லுக்காரி தரையில் குதித்த வேகத்தில் அம்பை விட்டாள். அதோடு அதன் கதை முடிந்தது.

மாப்பிள்ளை தூக்கை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்குங்க அத்தை. பிரிட்ஜுக்கும் ரெண்டு குடுங்க, பாவம்."

"கொழுப்பப் பாரு!" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.