அழியாமல் நின்ற பாதி

தேவகிருபை டீச்சரை ஆம்பூரில் பலர் ஒரு பேய்க்கதையோடு சேர்த்துத்தான் அறிவார்கள். பேய் என்று எதுவும் கிடையாது. நடந்தது இதுதான்.

1984இல் அவரிடம் எட்டாவது படித்தாள் அமிர்தவள்ளி. காதால் கேட்டதை மறக்கமாட்டாள். எழுத்தைப் பார்த்தால் மட்டும் அது அவள் கண்ணெதிரே கலைந்துபோகும். தாய் முனியம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். பள்ளிக்கூடம் மக்கு என்று பட்டம் கட்டியது. கயிற்றையாவது அவிழ்த்துவிடலாம்.

டீச்சர், தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் பாடங்களைத் தம் குரலில் பதிந்து அவளைக் கேட்கவைத்தார். அறிவியல் முழுக்க அவளுக்கு மனப்பாடமானது. தேறாவிட்டால் ஷூ கம்பெனிதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். முழுப் பரீட்சையன்று கேள்விகளை டீச்சர் படிக்க, அவள் கேசட்டில் பதில் சொன்னாள்.

தலைமையாசிரியர் சாமுவேல் அதைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா டீச்சர், பேப்பர் கேட்டா பாட்டுக் கேசட் குடுக்கிறீங்க?"

"ஒருவாட்டி கேளுங்க சார். எல்லாம் சரியாச் சொல்லியிருக்கா."

"கேட்டு மார்க் போட நான் இன்னா ரேடியோ ஸ்டேஷனா நடத்துறேன்?"

அவர் கேட்கவேயில்லை. ஜூனில் அமிர்தவள்ளி, பள்ளி மதிலை ஒட்டிய கம்பெனியில் தோலுக்குப் பசை தடவ உட்கார்ந்தாள்.

டிசம்பரில் அலுவலகத்தில் கிடந்த அந்தக் கேசட்டின் மேல் யாரோ கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிந்தார்கள். பாட்டுகள் கேசட்டில் பாதிவரைதான் வந்தன. விழாவன்று மதியம் அவை முடிந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒலிபெருக்கியில், மைதானம் முழுக்க ஒரு சிறுமியின் குரல்: "வேரு தண்ணிய உறிஞ்சும். எல வெயில்ல சோறாக்கும்..."

பிள்ளைகள் டீச்சரிடம் ஓடிவந்தார்கள். "பேய் பேசுது டீச்சர்."

"அந்தக் கேசட்ட நிறுத்துங்க," என்றார் சாமுவேல்.

தேவகிருபை சுவிட்சை மறைத்து நின்றார். "பரீட்சை நடக்குது சார். உக்காருங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கம்பெனிப் பெண்கள் பள்ளி கேட்டருகே நின்றுவிட்டார்கள். அவர்களில் அமிர்தவள்ளியும் இருந்தாள். செத்தவர்களின் குரல் திரும்பும் என்பார்கள். இங்கே உயிரோடிருப்பவளையே அவள் குரல் தேடி வந்திருந்தது.

"அவ்ளோதான் டீச்சர். பாஸா?" என்றது குரல்.

கேசட்டுக்குள்ளிருந்து டீச்சரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "பாஸ்தாண்டி. போய்ச் சாப்புடு."

கேட்டில் நின்றவள் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சங்கு ஊதியதும் போய்விட்டாள்.

ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு முழுப் பரீட்சைக்கும் அந்தக் கேசட்டைத் தலைமையாசிரியர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார் தேவகிருபை. யாரும் போட்டுக் கேட்கவில்லை. பயமாம்.