அலிபிரிக்கு முந்தைய வளைவு

திருப்பதி டாக்சி ஸ்டாண்டில் நகரி வேணுவைப் பற்றி விசாரித்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கை சுத்தம், வண்டி சுத்தம், வாய்தான் சரியில்லை. வாய் அப்படி ஆனதற்குக் காரணம் மலைப்பாதை என்பது வேணுவின் கட்சி.

திருமலையிலிருந்து இறங்கும் வண்டிக்கு, மலைமேல் கிளம்பும் இடத்தில் நேரம் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். கீழே அலிபிரி டோல்கேட்டில் அதை வாங்கிப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் வந்து நின்றால் வேகமாக ஓட்டினாய் என்று அர்த்தம், அபராதம். நியாயமான சட்டம்தான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் பதினாறு வருஷமாக அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒருவனை மெதுவாகத்தான் வரவேண்டும் என்றால் அவனுக்கு எரியுமா எரியாதா? வேணுவுக்கு எரிந்தது. என்னதான் அடக்கிக்கொண்டு ஓட்டினாலும் சீக்கிரமே வந்துவிடுவான். வந்து, டோல்கேட்டுக்கு முந்தைய வளைவில், அவனைப் போல முன்னால் வந்துவிட்ட நாலைந்து வண்டிகளோடு ஓரங்கட்டி நிற்பான். நேரம் ஆகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பார்ப்பான்.

அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான் அது கண்ணில் பட்டது. ஏதோ ஒரு குளிர்நாட்டு மலை. ஒருவன் சைக்கிளில் மரங்களுக்கு நடுவே, வேர்கள் மேலும் பாறை மேலும் விழுந்தடித்து இறங்குகிறான். ரோடே கிடையாது. கீழே ஒரு கூட்டம் மணி அடித்துக்கொண்டு நிற்கிறது. யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறானோ அவனுக்குக் கோப்பை. வேணு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இங்கே சீக்கிரம் வந்தால் அபராதம், அங்கே சீக்கிரம் வந்தால் பரிசா? அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, கோபம்தான். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு கோபம். பிறகு அதை விடவே முடியவில்லை.

டவுன்ஹில் என்று அதற்குப் பெயர். வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் வரை, ஊர் ஊராக, மலை மலையாக ஒரு சீசன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி, கடைசியில் அதிகப் புள்ளி யாருக்கோ அவன் அந்த வருஷத்து சாம்பியன். வேணு பிடித்துக்கொண்ட ஆள் சிலி நாட்டுக்காரன், பெயர் ரமிரோ. வேணு அவனை ராமு ஆக்கிவிட்டான். பெரிய கம்பெனிக்காரர்கள் யாரும் ராமுவின் பின்னால் இல்லை. ஒரு பழைய வேன், வேனில் அவனுடைய அப்பா. அப்பாதான் மெக்கானிக், சமையல்காரர், எல்லாம். சைக்கிளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மகன் இறங்கி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த மனிதரை வேணு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான்.

இந்த வருஷம் ராமு ஏறுமுகம். முதல் பந்தயத்தில் டயர் போயிற்று. அடுத்ததில் மழையில் வழுக்கி விழுந்தான். ஜூன் மாதத்திலிருந்து பிடித்துக்கொண்டான், மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. ஒன்றைக்கூட வேணு நேரலையில் பார்க்கவில்லை. பந்தயம் நடப்பது ஞாயிற்றுக்கிழமை, நமக்குச் சாயங்காலம். திருப்பதியில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு? கோடை விடுமுறைக் கூட்டம், பிரம்மோற்சவக் கூட்டம், தமிழ்நாட்டிலிருந்து புரட்டாசிக் கூட்டம். இவன் வீட்டுக்கு வந்து போனைத் திறப்பதற்குள், ராமு கோப்பையைத் தூக்கிப் பிடித்த படத்தை எவனாவது மூஞ்சிக்கு நேராகப் போட்டிருப்பான். யார் ஜெயித்தான் என்று தெரிந்தபின் பார்ப்பது ஒரு பார்ப்பா? அதனால் கட்டைவிரலால் திரையின் பாதியை மறைத்துக்கொண்டே வீடியோவைத் தேடக் கற்றுக்கொண்டான். அதைப் பார்த்து மனைவி ஜெயம்மா சிரிப்பாள். அவள் சிரிப்பதும் அவனுக்குக் கோபம்.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் புள்ளிக் கணக்கில் ராமு இரண்டாவது இடத்தில் இருந்தான். கடைசியில் ஜெயித்தால் சாம்பியன். ஜெயிக்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேணு ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வைத்தான். டிராவல்ஸ் முதலாளி ஆதிகேசவன் தலையையும் ஆட்டினார். சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"வேணு, நம்ம மாமியாரும் மச்சினிச்சியும் சாந்திபுரத்துலேருந்து வந்துகிறாங்க. காலையில மேல இட்டுக்கினு போயி மத்தியானத்துக்குள்ள எறக்கிடு. அதுக்கப்புறம் நீ ஃப்ரீ."

"நாளைக்கி லீவு கேட்டிருந்தனே, ஓனர்."

"லீவுதான். யார் இல்லன்னது? சைக்கிள் பந்தயம் சாயங்காலந்தானே? என் வீட்டு மனுசங்கள வேற எவங்கிட்டயும் விட எனக்கு மனசு வர்ல."

இது புகழ்ச்சியா, கட்டளையா? இரண்டும்தான். முதலாளிகளுக்கு இந்த வித்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேணு பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான்.

மத்தியானத்துக்குள் இறங்குவதாவது? கியூவில் நின்று தரிசனம் முடியவே மூன்று மணி ஆகிவிட்டது. முதலாளியின் மாமியார் பச்சையம்மாளுக்கு முடி இறக்கும் வேண்டுதல் தரிசனத்துக்கு முன்பே முடிந்திருந்தது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார். அதற்குப் பிறகு லட்டு. லட்டுக்குப் பிறகு வராகசாமி கோயில். பிறகு அவருடைய மகள் கன்னிகாவுக்கு வளையல். வேணு வண்டிக்குப் பக்கத்தில் நின்று அங்குமிங்கும் நடந்தான். திட்டவும் முடியாது. சாமி கும்பிட வந்தவர்களைத் திட்டினால் அவன் மனிதனா? ஆதிகேசவனை மனசுக்குள் திட்டினான், அவர் பரம்பரையைத் திட்டினான், தலையாட்டிவிட்டு ஏமாற்றுகிற முதலாளி ஜாதி மொத்தத்தையும் திட்டினான்.

அவர்கள் வண்டியில் ஏறும்போது ஐந்தரை ஆகிவிட்டது. வேணு கணக்குப் போட்டான். பந்தயத்தில் மெதுவானவர்கள் முதலில் இறங்குவார்கள், தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவன் கடைசியில் இறங்குவான். இந்த முறை கடைசி ஆள் ராமு, அவன் முறை வர இன்னும் நேரம் இருந்தது. மலைமேல் ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் ஒழுங்காக எதுவும் வராது. ஊர் கண்ணுக்குத் தெரியும் அந்தக் கடைசி வளைவில் சிக்னல் கொட்டும். அந்த வளைவுக்குச் சீக்கிரம் போய்விட்டால், நேரம் ஆகும்வரை எப்படியும் நிற்கத்தான் வேண்டும். பதினாறு வருஷமாகச் சபித்த அந்தக் காத்திருப்பு முதல் முறையாக அவனுக்கு வேண்டியிருந்தது.

சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்தான். வண்டியை விட்டான்.

வேணுவின் கை அன்றைக்கு வேறு கையாக இருந்தது. வளைவில் நுழையும்போதே அடுத்த வளைவைப் பார்த்தான். இரண்டு வேன்களைத் தாண்டினான். ஒரு பஸ்ஸைத் தாண்டக் கூடாத இடத்தில் தாண்டினான். கோபம் உள்ளங்காலில் இருந்தது.

"கொஞ்சம் மெதுவா போயா," என்றார் பின்னாலிருந்து பச்சையம்மாள்.

"பயப்படாதீங்கம்மா. இது எனக்கு வீட்டு வாசல் மாதிரி."

"உனக்கு வாசலு. எங்களுக்கு?"

கன்னிகா ஜன்னலை இறக்கி வாந்தி எடுத்தாள். நிறுத்தச் சொன்னார்கள். இங்கே நிறுத்தக் கூடாது என்றான், அது உண்மையும்கூட. அடுத்த வளைவு திரும்பியதும் எதிரே ஒரு பைக் நின்றுகொண்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. செயின் கழன்றிருந்தது போலும். வேணு பிரேக்கை மிதித்தான். டயர் கத்தியது. வண்டி பைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். பச்சையம்மாளின் தலை பக்கத்துக் கண்ணாடியில் மோதியிருந்தது. அவர் நெற்றிக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு, மறுகையால் மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அடிபட்டுச்சாம்மா?"

"போ," என்றார்.

போனான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கப்புறமும் வேகமாகத்தான் போனான்.

கடைசி வளைவில் ஓரங்கட்டியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே திருப்பதியில் விளக்குகள் எரிந்தன. வேணு போனை முன்னால் இருந்த ஸ்டாண்டில் மாட்டினான். படம் சுற்றிச் சுற்றி நின்று, வந்துவிட்டது. அந்த மலை உச்சியில், புறப்படும் கதவுக்குப் பின்னால் ராமு சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். நேரலை. வருஷம் முழுக்க முதல் முறையாக யார் ஜெயிப்பார்கள் என்று வேணுவுக்கும் தெரியாது, உலகத்துக்கும் தெரியாது.

"ஏன் நின்னுட்டோம்?" என்றாள் கன்னிகா.

"நேரம் ஆகணும். முன்னாடி போனா ஃபைன் போடுவாங்க."

"அப்ப எதுக்கு அந்த ஓட்டம் ஓட்டினீங்க?"

வேணு போனைக் காட்டினான். "இதுக்குத்தான். இவன் ஜெயிச்சா சாம்பியன்."

ராமு புறப்பட்டான். அந்த மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது, மண் சேறாகிக் கிடந்தது. பாதை நடுவே நேரம் காட்டும் முதல் கட்டத்தில் எண் பச்சை நிறத்தில் வந்தது. பச்சை என்றால் எல்லோரையும்விட முன்னால். இரண்டாவது கட்டத்திலும் பச்சை. மூன்றாவதிலும் பச்சை. வேணு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராமுவோடு சேர்ந்து உடம்பைச் சாய்த்தான். கடைசியில் ஒரு செங்குத்தான இறக்கம், முழுக்க வேர். முன்னால் வந்த இரண்டு பேர் அங்கேதான் விழுந்தார்கள், ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வர்ணனையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராமு அந்த இறக்கத்தின் விளிம்புக்கு வந்தான். பிரேக் பிடித்தான்.

"வுட்றா, பிரேக்கை வுட்றா," என்று வேணு கத்தினான்.

ராமு விடவில்லை. ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, சைக்கிளை இழுத்துப் பிடித்து, உருட்டி இறக்கிக்கொண்டு போய், பிறகு மிதித்தான். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எண் சிவப்பில் வந்தது. மூன்றாவது இடம். சாம்பியன் வேறொருவன், அவன் அங்கேயே துள்ளிக்கொண்டிருந்தான். ராமு ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் அப்பா ஓடி வந்து, கோப்பையைப் பற்றியெல்லாம் ஒன்றும் கேட்காமல், மகன் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ராமு சிரித்தான்.

வேணுவுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான். "சிரிக்கிறான் பாரு. வருசம் பூரா இவனுக்காக உசுர வுட்டுக்கினு கீறேன், கடைசியில பிரேக்கப் புடிச்சி எல்லாத்தயும் கெடுத்துட்டான்."

"அந்தப் புள்ளையாவது புடிச்சானே," என்றார் பச்சையம்மாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. திட்டும் தொனியும் இல்லை. வேணு முன் கண்ணாடியில் பார்த்தான். அவருடைய கை இன்னும் அந்தக் கைப்பிடியை விடவில்லை. நெற்றிக்கு மேலே மொட்டைத் தலையில் ஓரிடம் வீங்கியிருந்தது. பக்கத்து ஜன்னலில் அவர் தலை மோதிய இடத்தில் சந்தனம் வட்டமாக ஒட்டியிருந்தது. அவனுக்கு இன்னும் கோபம் இருந்தது, ஆனால் ஆதிகேசவன் மேல் போட்டாலும் நிற்கவில்லை, ராமு மேல் போட்டாலும் நிற்கவில்லை. திரும்பி அவனிடமே வந்தது. அவமானமாக இருந்தது.

இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கன்னிகாவிடம் கொடுத்தான். தன் துண்டை நனைத்துப் பிழிந்து பச்சையம்மாளிடம் நீட்டினான். அவர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். போன் அணைந்தது. பக்கத்தில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நேரம் ஆகி வெகுநேரம் கழித்துத்தான் வேணு வண்டியை எடுத்தான், மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு போனான்.

டோல்கேட்டில் இருந்தவருக்கு வேணுவைப் பல வருஷமாகத் தெரியும். சீட்டை வாங்கி விளக்கில் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"ஏமி வேணு, நீயா இவ்ளோ லேட்டு?"

"வண்டியில மனுசங்க கீறாங்க," என்றான் வேணு.