இந்தப் பக்கம் மேலே

சிள்வண்டுகள் குதித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சிட்டிகை கால்சியம் பவுடரைத் தூவி, மூடி, மெல்லக் குலுக்கினார் கண்ணாடி அக்கா. திறந்தபோது வண்டுகளெல்லாம் முகத்துக்குப் பவுடர் பூசி விருந்துக்குக் கிளம்பியவை போல் வெள்ளை வெளேரென்று இருந்தன. விருந்தே தாங்கள்தான் என்பது அவற்றுக்குத் தெரியாது. "சும்மா குடுத்தா வயிறு ரொம்பும் சார். எலும்புக்கு யாரு குடுப்பா?" என்றபடி, இடுக்கியால் ஒன்றைப் பிடித்து முதல் தொட்டிக்குள் நீட்டினார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட ஒரு சிறுத்தைப் பல்லி, வால்நுனியை மட்டும் நெளித்துக்கொண்டு குறி பார்த்தது. ஒரே பாய்ச்சல். நான் அறைக்குள் வைத்திருந்த ஒரு காலையும் வெளியே எடுத்துக்கொண்டேன்.

பல்லி என்றாலே எனக்கு உடம்பு கூசும். அப்படிப்பட்டவன் வாரம் தவறாமல் அந்த அறை வாசலில் போய் நிற்பதற்குக் காரணம் பல்லிகள் அல்ல, அக்காதான்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பீரோவையும் கட்டிலையும் ஆண்கள் தூக்குவார்கள். உடையும் சாமான் எல்லாம் அக்கா கைக்கு வரும். கண்ணாடி அக்கா என்ற பெயர் அங்கே வைத்ததுதான். நான் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது என் தட்டுகளையும் கோப்பைகளையும் சுற்றிக் கட்டியவர் அவரே. என் கண்ணாடிக் கூஜாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே கீறல் விட்டது. அப்புறம் எங்க தலையில கட்டாதீங்க" என்றார். இத்தனை வருஷம் அதில்தான் தண்ணீர் குடித்தேன், எனக்குத் தெரியாது. எல்லாம் இறக்கி முடித்ததும், "நீங்க எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். விரலால் தரையைக் காட்டினார். "உங்களுக்கு நேர் கீழ் வீடு. நாற்காலியை இழுக்காதீங்க, தூக்கி வைங்க. என் பிள்ளைங்க மிரளும்."

பிள்ளைகள் யாரென்று அப்புறம்தான் தெரிந்தது.

எதை வாங்கினாலும் இரண்டு கையாலும் வாங்குவார். டீக் கோப்பையைக்கூட ஒரு கை அடியில் கொடுத்துத்தான் பிடிப்பார். நடந்தால் சத்தம் கேட்காது. கையில் பழைய பேப்பர் கிடைத்தால் பேசிக்கொண்டே கசக்கிக் கசக்கிப் பஞ்சு போல் ஆக்கிவிடுவார். இன்றைய பேப்பரை அவர் எதிரில் வைக்கக் கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் அகராதியில் நல்லதெல்லாம் 'மெத்துனு' இருக்கும். நல்ல டிரைவர் மெத்துனு ஓட்டுவார். நல்ல டாக்டர் மெத்துனு பேசுவார். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "பரவாயில்ல, போகப் போக மெத்துனு ஆயிடுவீங்க" என்றார்.

முதல் பல்லியும் வேலையில் கிடைத்ததுதான். வெளிநாடு போகும் ஒரு குடும்பம், வீடு முழுக்கக் கட்டி முடித்த பிறகு சமையலறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்தது. "இதையும் பேக் பண்ணணுமா?" என்று அக்கா குனிந்து பார்த்தாராம். உள்ளே இருந்தது நிமிர்ந்து பார்த்து, நிதானமாக இமைகளை மூடித் திறந்ததாம். சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. "கண்ணடிச்சுது சார். அப்புறம் எப்படி விட்டுட்டு வர்றது?" அதுதான் பெரியம்மா. அதன் பிறகு தடித்த வாலும் சோம்பலுமாக மேனேஜர் வந்தது. பெரியம்மாவுக்கும் மேனேஜருக்கும் பிறந்தவை ஊரெல்லாம் பல வீடுகளில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த இளையவள் சின்னக்காவும் இப்போது ஒரு தொட்டியில் இருக்கிறது.

அக்காவிடம் பல்லி வாங்குவது எளிதல்ல. பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல் விசாரிப்பார். ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் விறைப்பான சட்டையோடு வந்தார். "ஜோடியா குடுங்கக்கா. குட்டி போட வைக்கலாம்னு இருக்கேன்."

"குட்டி போடாது தம்பி, முட்டை போடும். அதுவே தெரியாம ஜோடியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"முதல்ல ஒண்ணை வச்சுப் பாருங்க. தொட்டியில ஒரு பக்கம் சூடு இருக்கணும், ஒரு பக்கம் குளிர்ச்சியா இருக்கணும். எது வேணும்னு அது முடிவு பண்ணிக்கும், நீங்க பண்ணாதீங்க. மேலேருந்து கையை விட்டு அமுக்காதீங்க, கழுகுனு நினைச்சுக்கும். கையைத் தரையோட வைங்க, அதுவா மெத்துனு ஏறும். வாலைப் பிடிச்சீங்கன்னா வாலைக் கழட்டி உங்க கையில குடுத்துட்டு அது பாட்டுக்குப் போயிடும். ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா ஒண்ணுதான் மிஞ்சும். இதெல்லாம் சரியா வந்தா அடுத்த வருஷம் ஜோடி பத்திப் பேசலாம்."

அவர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். சில வாரம் கழித்து அலறியடித்துக்கொண்டு போன் செய்தார்: அது தோலை உரித்துத் தானே தின்றுவிட்டதாம். "அதுக்கு அப்படித்தான் தம்பி. சட்டையைத் துவைக்கிற வேலை இல்ல, சாப்பிட்டுடும்" என்று அக்கா போனை வைத்தார்.

இனி அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் அலமாரிகளில் சாமான் அடுக்குவது அவர் வேலை. எந்த டப்பாவானாலும் லேபிள் முன்னால் தெரிய நிற்க வேண்டும். வாடிக்கையாளர் திருப்பி வைத்துவிட்டுப் போனால் இவர் பின்னாலேயே போய் நேராக்குவார். கடையோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு மிளகாய்ப் பொடி டப்பா, குளியலறை ஷாம்பு, மருந்துப் புட்டி எல்லாம் எதிரே வருபவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். என் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே என் புத்தகங்களை நேராக்குவார். ஒரு சொல் கடிந்து பேசத் தெரியாத மனிதர். பல்லிகளைத் தொட மாட்டார், ஆனால் சிள்வண்டுக்குக் கேரட் நறுக்கிப் போடுவது அவர்தான்.

போன பருவத்தில் பெரியம்மா ஈர மண் டப்பாவுக்குள் குழி பறித்து இரண்டு முட்டை இட்டது. வயதாகிவிட்டது, இனிமேல் இடாது என்று அக்கா சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அதில் ஒரு முட்டை முதல் வாரத்திலேயே மஞ்சளாகிக் குழிந்து பூஞ்சை பூத்துவிட்டது. மீதி ஒன்று. எத்தனையோ குஞ்சுகளைப் பிறர் வீட்டுக்கு அனுப்பியவர், இதை மட்டும் யாருக்கும் தருவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். "பெரியம்மாவுக்கு அப்புறம் எனக்குன்னு ஒண்ணு வேணாமா சார்?"

அந்த முட்டை, சூடு குறையாத கண்ணாடிக் கதவு போட்ட சிறு பெட்டிக்குள், ஈரத் துகள்கள் நிரப்பிய, உள்ளிருப்பது வெளியே தெரியும் டப்பாவில் பாதி புதைந்து கிடந்தது. பல்லி முட்டைக்கு ஒரு சட்டம் உண்டு: இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதுவே கடைசி வரை மேல்பக்கம். "கோழி முட்டையைக் கோழியே புரட்டிக் குடுக்கும். இதைப் புரட்டக் கூடாது. உள்ள இருக்கிறது ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். புரட்டினா மூச்சு முட்டிச் செத்துடும்." அதனால் வளர்ப்பவர்கள் முட்டை உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். அக்கா புள்ளி வைப்பதில்லை. வேலைப் பழக்கம் விடுமா? அட்டைப் பெட்டிகளில் 'உடையும் சாமான்' என்பதற்கு அச்சடித்திருக்குமே, காலுள்ள கண்ணாடிக் கோப்பை, அதை மொட்டைப் பென்சிலால் குட்டியாக வரைவார்.

ஒரு வீட்டை வேறு ஊருக்கு மாற்றிக் கொடுக்க அக்கா லாரியோடு போக வேண்டி வந்தது. திரும்ப மறுநாள் ஆகும். பெட்டியின் சூடு காட்டும் எண்ணை மட்டும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு முட்டையைப் பார்த்தார். படம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே நிற்கும் அவருக்கு அது தெரியவில்லை.

அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர் நல்ல செய்தி சொல்பவர் போல் சொன்னார்: "முட்டை கோணலா இருந்துச்சும்மா. படம் முன்னாடி தெரியற மாதிரி நேரா வச்சுட்டேன்."

நான் அப்போது கீழேதான் இருந்தேன், வாசலில். அக்கா ஓடவில்லை, ஓடினால் தரை அதிரும். போய்ப் பெட்டியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, படத்தை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார். பெட்டியை மூடினார். பிறகு கணவரைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னார்: "உங்க கையைக் கொஞ்ச நாளைக்குப் பாக்கெட்லயே வச்சுக்குங்க."

அந்த மனிதர் உண்மையாகவே வைத்துக்கொண்டார்.

நான் சமாதானம் சொல்லப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியுமே என்றேன். "அதுக்கு மறுபடி தொடணும். வேணாம் சார். இருந்தா வரட்டும்." பிறகு அடுப்படி அலமாரியைக் காட்டினார். மிளகுப் புட்டி சுவரைப் பார்த்து நின்றது. உப்பு டப்பா பக்கவாட்டில். சர்க்கரை தலைகீழாக. "நான் அவசரத்துல வச்சது வச்சபடியே கிடக்கு. எதையும் தொட மாட்டேங்கிறார். கேட்டா, 'எது மேல் பக்கம்னு எனக்கு என்ன தெரியும்'ங்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார். சொல்லியிருக்க வேணாம். இதைப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது." எனக்கும் என்னவோ செய்தது. அவர் என் வீட்டுக்கு வந்து, சாய்ந்து கிடந்த என் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு கையும் பாக்கெட்டில் இருக்க அப்படியே திரும்பிப் போனதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

நாட்கள் போயின. முட்டை கெடவில்லை, குழியவில்லை. அது நல்லதா, வெறும் பொறுமையா என்று யாருக்கும் தெரியாது. அக்கா காலையில் ஒரு தரம், வேலையிலிருந்து வந்து ஒரு தரம் பெட்டி முன் குனிந்து பார்ப்பார். வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால், எட்ட நின்று பார்ப்பார்.

ஒரு விடுமுறைக் காலையில் என் தரையில் கீழிருந்து துடைப்பக் கட்டை தட்டியது. இறங்கி ஓடினேன். முட்டைத் தோலில் வியர்வை மாதிரி நீர் பூத்திருந்தது, ஒரு பக்கம் கீறல். கீறலிலிருந்து மூக்கு. மூக்குக்குப் பின்னால் உலகத்தின் மேல் ஏகப்பட்ட புகாரோடு ஒரு தலை. அது சாவகாசமாக இளைப்பாறிவிட்டு, கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் போட்ட உடம்பை வெளியே இழுத்துக்கொண்டது. எங்களைப் பார்த்து வாயைப் பிளந்து கீச்சென்று மிரட்டியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

பின்னாலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்: "எல்லாம் சரியா இருக்கா? கோணலா எதுவும் இல்லையே?"

"வால்கூட நேராத்தான் இருக்குங்க."

அவர் நீண்ட மூச்சு விட்டார். ஆனால் கை பாக்கெட்டை விட்டு வரவில்லை. அன்று மாலை நான் பார்த்தபோதும் மிளகுப் புட்டி சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பழகிப்போன பயம் ஒரு குஞ்சு பொரிந்ததும் போய்விடுமா?

கொஞ்ச நாளில் சின்னக்கா தன் முதல் முட்டையை இட்டது. நான் வழக்கம்போல் வாசலில் நின்றேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வீட்டுக்காரர் என் பக்கத்தில். அக்கா முட்டையைக் கிடந்த நிலையிலேயே எடுத்து வந்து டப்பாவில் பதித்து, மொட்டைப் பென்சிலை எடுத்து உச்சியில் குட்டிக் கோப்பையை வரைந்தார். மூடியை மூடுவார் என்று பார்த்தேன். மூடவில்லை. திரும்பிக் கணவரின் உயரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டு, ஒரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, முட்டையின் முன்பக்கத்தில், கதவைத் திறப்பவருக்கு நேராகத் தெரியும்படி, நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கோப்பையை வரைந்தார்.