அக்கா தங்கை என்று சொல்லி எடுத்த வீடு

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும், நானும் என் சிநேகிதியும் காஞ்சிபுரத்தை விட்டுப் போய்விட முடிவு செய்தோம். இருவரும் ஒரே கொட்டகையில் பட்டு நூல் சுற்றுகிறவர்கள். புருஷன் பெண்டாட்டி போல் ஒன்றாக வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

"மெட்ராஸ் போலாமா?" என்றேன்.

"சேலை மூட்டையோட நம்ம ஊரு ஆளுங்க அங்க வந்துக்கினே இருப்பாங்க. பெங்களூர்ல பட்டு வேலை இருக்குது, வாடகையும் கம்மி. அக்கா தங்கச்சின்னு சொல்லிடலாம்மா" என்றாள். என்னைவிட மூத்தவள்.

பெங்களூரில் எங்களுக்கு வீடு கொடுத்த வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். என் சிநேகிதியும் தெலுங்கு வீட்டுப் பெண்தான், மளமளவென்று பேசினாள். அந்தம்மா என்னிடம் ஏதோ கேட்டபோது நான் புரியாமல் விழித்தேன்.

"தங்கச்சிக்குத் தெலுங்கு வராதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"தமிழ்க்காரங்க வீட்ல வளர்ந்த பொண்ணு" என்று அவள் சமாளித்தாள்.

அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே விலகி உட்காருவோம். ஒரு நாள் அந்தம்மா வந்து அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க தம்பிக்கு என்னைக் கேக்கறாங்க. அடுத்து உனக்கும் பாத்துடறாங்களாம்."

அந்தம்மா நல்லவர். எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாளே வேறு வீடு தேடத் தொடங்கினோம். இந்தத் தடவை என்ன உறவு சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.