ஒரு நியூட்ரினோவும் ஏழு சந்தேகப் பேர்வழிகளும்

கண்ணுக்கே தெரியாத ஒன்று எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டிய தொழில் எங்களுடையது. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும்.

பிடிபட்ட துகள்

தொலைதூர கேலக்ஸிகள் சிலவற்றின் நடுவில் ராட்சதக் கருந்துளை இருக்கிறது. அங்கிருந்து வரும் காமா கதிர்கள் ஏறும், இறங்கும். அதை மரக்காணத்தில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வரைபடமாக்குவது என் ஆராய்ச்சி. ஒரு கேலக்ஸியின் காமா எகிறிய அதே வாரம், அதே திசையிலிருந்து வந்த நியூட்ரினோ என்ற துகள் ஒன்று தென்துருவப் பனிக்கடியில் புதைத்திருக்கும் கருவியில் சிக்கியது. அனுப்பியது அந்த கேலக்ஸிதான் என்று கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டேன். என் டாக்டர் பட்டமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நியூட்ரினோ என்றால் என்ன என்று மாமியார் கேட்டார். பூமியையே துளைத்துக்கொண்டு போகும், எதிலும் நிற்காது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எதுலயுமே நிக்காதுன்னா, உங்க ஆளுங்ககிட்ட மட்டும் எப்படிம்மா நின்னுச்சி?"

ரோட்டோரப் பாத்தி

என் கணவர் வேலு உப்பளம் நடத்துகிறார். ஒருமுறை ரோட்டோரப் பாத்தியில் உப்பு பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு லாரியை வரச் சொல்லிவிட்டார். உள்ளே மற்ற பாத்திகளில் வெறும் தண்ணீர். லாரி முக்கால்வாசி காலியாகத் திரும்பியது. அதிலிருந்து, கடைசிப் பாத்திவரை நடந்து பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அவரிடம் போய் என் வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினேன். நியூட்ரினோவின் திசை துல்லியமாகத் தெரியாது, வானத்தில் ஒரு வட்டம்தான் போட முடியும், அதற்குள் ஏழு கேலக்ஸிகள் இருக்கின்றன என்றும் உளறிவிட்டேன். அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எகிறுனத மட்டும் புடிச்சி வச்சிருக்க. மத்த ஆறும் அந்த வாரம் என்னா பண்ணுச்சி?"

பத்து நாள் பாக்கி

கோபத்தோடுதான் பார்த்தேன். இன்னும் இரண்டு கேலக்ஸிகள் அதே வாரம் எகிறியிருந்தன. வாரவாரியாக இல்லாமல் மாதவாரியாக வரைந்தால் என்னுடையதன் ஏற்றமே அமுங்கிப்போனது. காமா அடங்கியிருக்கும்போதுதான் நியூட்ரினோ கிளம்பும் என்று வாதாடுகிற கட்சி வேறு இருக்கிறது. ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி. உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

சென்னை பஸ் பிடித்து, வழிகாட்டிப் பேராசிரியை முன்னால் எல்லாவற்றையும் கொட்டினேன். ஐந்து வருஷ ஆராய்ச்சியும் வீண் என்பார் என்று பயந்தேன். அவர் என் வரைபடங்களையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எது அனுப்புச்சின்னு தெரியலன்னே எழுதும்மா. எனக்கும் தெரியல, அதனால தப்புன்னு சொல்ல மாட்டேன்."

ஆக, ஏழில் ஒன்றைக் கைகாட்டியிருந்தால் போயிருக்கக்கூடிய பட்டம், எதுவென்று தெரியாது என்பதை நாற்பது பக்கத்துக்கு விளக்கியதால் எனக்குக் கிடைத்தது.